மடியில் வைத்தால் இலவசம், இருந்தாலும் டிக்கெட் எடுங்கள்: புற்றுநோய் சிகிச்சைக்கான ரயில் சலுகை

அக்கா மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது எடுத்த ஒரு செல்போன் படத்தில், ஒரு கண் மட்டும் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னியது. ஃபிளாஷ் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டோம். அது ரெட்டினோபிளாஸ்டோமா, விழித்திரையில் வரும் புற்றுநோய். சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்குத்தான் வரும், அதுவும் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். இந்த வயதுக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ரயில் டிக்கெட்டில் இதுதான் குழப்பும்.

சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கைகொடுத்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சரி, தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போய்வரும் செலவு? கீமோ மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு சுற்று. அப்புறம் மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைப் பார்க்கும் பரிசோதனைகள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் எத்தனை முறை ஏறி இறங்கினோம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம்.

புற்றுநோயாளிகளுக்கு ரயில்வே சலுகை இருக்கிறது. வருமான வரம்பு கிடையாது. சிகிச்சைக்குப் போனாலும், பிறகு தொடர் பரிசோதனைக்குப் போனாலும் பொருந்தும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு 100 சதவீதம், துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம். இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, ஏசி சேர்காரில் இருவருக்கும் 75. இரண்டடுக்கு ஏசியிலும் முதல் வகுப்பு ஏசியிலும் 50தான். 2020இல் கொரோனாவையொட்டிப் பல சலுகைகளை நிறுத்தியபோதும் நோயாளிகளுக்கானதை விட்டுவைத்தார்கள்.

இப்போது அந்த வயது விஷயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே தேவையில்லை. அதனால் முதல் இரண்டு பயணத்தில் அக்கா தனக்கு மட்டும் முழுக்கட்டணத்தில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனாள். கவுன்ட்டரில் இருந்தவரும் "குழந்தைக்கு எதுக்கும்மா டிக்கெட்?" என்றுதான் கேட்டார். ஆனால் சலுகை நோயாளியின் பெயரில்தான் வரும். நோயாளிக்கு டிக்கெட் இல்லையென்றால் துணைக்கு வருபவருக்கும் சலுகை இல்லை. குழந்தையின் பெயரில் பெர்த்தோடு எடுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அதற்கு அடிப்படைக் கட்டணம் வராது, அம்மாவுக்கும் கால் பங்குதான். கீமோ முடிந்து வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கும் பிள்ளையை இரவு முழுக்க மடியில் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தனி பெர்த்தின் அருமை.

இன்னொன்று. கால் பங்காகக் கணக்குப் போட்டால், மூன்றடுக்கு ஏசியின் அடிப்படைக் கட்டணம் ஸ்லீப்பரின் முழுக் கட்டணத்தைவிடக் குறைவாகவே வரும். வெள்ளணுக்கள் குறைந்து, எளிதில் தொற்று பிடிக்கும் நிலையில் இருக்கும் பிள்ளையோடு நெரிசலில் போவதற்கு இது எவ்வளவோ மேல். அப்பாவும் கூட வந்தால் அவருக்கு முழுக்கட்டணம், துணைக்கு ஒருவர்தான் கணக்கு.

சிகிச்சை நடக்கும் மருத்துவமனையில் ரயில்வேக்கான சலுகைப் படிவத்தைக் கேளுங்கள். மருத்துவர் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் வேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று அதில் எழுதுவார்கள், திரும்பி வரும் பயணத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் அலையவிடுவார்கள், ஒருநாள் முன்னாடியே வாங்கிவிடுங்கள். பிறகு முன்பதிவு கவுன்ட்டருக்கு நேரில் போக வேண்டும். தட்கலில் சலுகை கிடையாது. முன்பதிவுக் கட்டணமும் அதிவேக ரயிலுக்கான கூடுதல் கட்டணமும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். முழுக் கட்டணத்தில் டிக்கெட் எடுத்துப் பயணமும் முடிந்தபின் படிவத்தைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. நாங்கள் கேட்டுப் பார்த்துவிட்டோம்.

படிவத்தை நகல் எடுத்துக் கையில் வைத்திருங்கள், டிடிஇ கேட்பார். அக்காவின் பையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் மூன்று நகல் இருக்கும்.