உங்கள் ஊராட்சிக்கு எத்தனை அங்கன்வாடி வேண்டும்? கணக்குப் போடும் முறை

அங்கன்வாடிக்கு மக்கள்தொகை அளவுகோல் இருக்கிறது. 400 முதல் 800 பேர் வரை ஒரு மையம், 1,600 வரை இரண்டு, 2,400 வரை மூன்று. அதற்கு மேல் 800 பேருக்கு ஒன்று வீதம் கூடும். 150 முதல் 400 பேர் இருந்தால் குறு அங்கன்வாடி. மலை, பழங்குடிப் பகுதிகளில் 300 பேர் இருந்தாலே முழு மையம்.

ஊராட்சியின் மொத்தத் தொகையை வைத்துக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். 3,200 பேர் உள்ள ஊராட்சிக்கு மொத்தமாகப் பார்த்தால் நான்கு மையம். அதே ஊராட்சியில் தாய்க்கிராமத்தில் 1,900, காலனியில் 1,000, ஓடைக்கு அப்பால் 300 பேர் என்றால் மூன்றும் இரண்டுமாக ஐந்து மையம், ஒரு குறு மையம் வரவேண்டும். மூன்று வயதுக் குழந்தை ஓடையையோ நெடுஞ்சாலையையோ தாண்டி வராது. ஆகவே குடியிருப்பு வாரியாகவே எண்ணுங்கள்.

அடுத்து குழந்தைகள். 2011 கணக்கெடுப்பில் தமிழக மக்கள்தொகையில் சுமார் 10.3 விழுக்காட்டினர் 0–6 வயதினர். அந்த விகிதப்படி 800 பேரில் 82 குழந்தைகள். ஆனால் கணக்கெடுப்பின் '0–6' ஏழு வயது நிறையாதவர்களையும் சேர்த்தது. அங்கன்வாடிக்கு ஆறு வயது நிறையாதவர்கள் மட்டுமே. ஏழில் ஒரு பங்கைக் கழித்தால் சுமார் 70 வரும். இது தோராயம்தான். அந்தப் பழைய எண்ணை நம்பாமல் வீடு வீடாகப் பிறந்த தேதியோடு பட்டியல் எடுப்பதே சரி. செங்கல் சூளையிலும் கட்டுமான இடங்களிலும் தங்கியிருக்கும் வெளியூர்க் குழந்தைகள்தான் வழக்கமாக விடுபடுகிறார்கள்; அவர்களையும் எழுதுங்கள்.

இந்தப் பட்டியலுக்குச் சட்ட வலுவும் உண்டு. மையமே இல்லாத கிராமக் குடியிருப்பிலோ குடிசைப் பகுதியிலோ ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்தால், கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் பெற உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று உத்தரவிட்டது. கிராம சபைத் தீர்மானத்தோடு பட்டியலை இணைத்து வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுங்கள். நகலை ஆட்சியருக்கும் அனுப்புங்கள். தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பவே கூடாது, மூன்று மாதம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

நாடு முழுமைக்கும் மையங்களுக்கு 14 லட்சம் என்ற உச்சவரம்பு இருப்பதால் 'புதிதாக ஒதுக்க இடமில்லை' என்ற பதில் வரலாம். பக்கத்தில் குழந்தைகள் குறைந்துபோன மையம் இருந்தால் அதை இடம் மாற்றித் தரும்படியும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.