பேச்சு இருக்கும்போதே கேளுங்கள்

போன வாரமும் அதே கதை. 78 வயதுப் பெரியவர். நுரையீரல் புற்றுநோய் கல்லீரல் வரை பரவியிருந்தது. நடு இரவில் மூச்சுத்திணறலோடு கொண்டுவந்தார்கள், தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில், அதாவது மூச்சு இயந்திரத்தில், இணைத்தோம். பதினோரு நாளும் மூன்று பிள்ளைகளும் ஐசியு வாசலில் நின்று சொன்னது ஒன்றுதான்: "எல்லாத்தையும் பண்ணுங்க டாக்டர்."

அப்பாவுக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவருக்கு வந்திருப்பது புற்றுநோய் என்றே கடைசிவரை சொல்லவில்லையாம். குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்க அவர் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தோம்.

அன்றிரவு 'எக்ஸ்ட்ரீமிஸ்' ஆவணப்படத்தை மறுபடி பார்த்தேன். டான் கிராஸ் 2016இல் எடுத்தது, 24 நிமிடம்தான். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில், ஹைலேண்ட் மருத்துவமனை ஐசியு. டாக்டர் ஜெசிகா ஸிட்டர் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுகிறார். ஊர் வேறு, மொழி வேறு. குழாயை எடுப்பதா வேண்டாமா என்று தவிக்கும் முகங்கள் மட்டும் நான் தினமும் பார்ப்பவை.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். வென்டிலேட்டர் மருந்து அல்ல. எந்த நோயையும் அது குணப்படுத்தாது. கட்டுவிரியன் கடித்துத் தசைகள் செயலிழந்து வருபவருக்கு அதைப் போடுகிறோம். விஷம் இறங்கும்வரை அவருக்காக அது மூச்சு விடுகிறது, அப்புறம் கழற்றிவிடுகிறோம், நடந்து வீட்டுக்குப் போகிறார். பரவி முற்றிய புற்றுநோயில் அந்த 'அப்புறம்' கிடையாது. அங்கே இயந்திரம் நீட்டுவது சாவைத்தான். இதயம் நின்றபின் நெஞ்சை அழுத்துவதும் அப்படித்தான். வயதானவர்களின் விலா எலும்பு முறிவதைக் கையில் உணர்ந்தவர்கள் நாங்கள்.

"எடுத்தா நாங்களே கொன்ன மாதிரி ஆகாதா?" ஆகாது. உயிரை எடுப்பது நோய். குழாயை எடுத்தாலும் சிகிச்சையை நிறுத்துவதில்லை. திணறலுக்கு மார்ஃபின் கொடுப்போம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம். மீள வழியில்லாதவருக்கு இப்படிக் குழாயை எடுப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. மருத்துவக் குழுக்கள் பார்த்துத்தான் முடிவெடுக்கும், எந்த டாக்டரும் தனியாக எடுப்பதில்லை.

முன்கூட்டியே உங்கள் விருப்பத்தை எழுதிவைக்கலாம். 2023இல் நடைமுறையை எளிதாக்கிவிட்டார்கள்: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசடட் அதிகாரி போதும். மாஜிஸ்திரேட்டிடம் அலைய வேண்டியதில்லை.

நோயை அப்பாவிடம் மறைக்காதீர்கள். "அபசகுனமாப் பேசாதே" என்று அம்மாவின் வாயை அடைக்காதீர்கள். முடிவை யார் சொல்வது என்று அண்ணன் தம்பிகள் இப்போதே பேசி வையுங்கள், ஐசியு வாசலில் சண்டை வேண்டாம். எழுதிய தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள், நடு இரவில் ஆம்புலன்ஸ் ஏறும்போது அது உங்கள் கையில் இருக்கட்டும்.