புதினா கருகுதா? உரத்த விடுங்க, முதல்ல தண்ணிய பாருங்க

நான் தோட்டக்கலை படிச்சவன், வட சென்னையில ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் வீடுகளுக்கு மாடித்தோட்டம் போட்டுக் குடுக்கறது என் வேலை. எந்த மொட்டை மாடிக்கு ஏறினாலும் இந்த டயலாக் வரும், "தம்பி, மத்த செடிலாம் வருதுப்பா, புதினா மட்டும் எனக்கு கை ராசியே இல்ல". கை ராசிலாம் ஒண்ணும் இல்லக்கா, புதினா சும்மா நட்டு வச்சாலே பரவற செடி, நம்ம ஏரியாவுல அத கொல்றது பெரும்பாலும் உப்பு.

எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, மண்ணு ஈரமாத்தான் இருக்கும் ஆனா இலை நுனியும் ஓரமும் பழுப்பா காஞ்சிருக்கும், தொட்டி விளிம்புல வெள்ளையா பூத்துப் போயிருக்கும். இத பாத்துட்டு தண்ணி பத்தலன்னு இன்னும் ரெண்டு மக் போர் தண்ணி ஊத்துவாங்க, அங்கதான் தப்பு. நமக்கு வடக்க இருக்கற மீஞ்சூர் பக்கம் நிலத்தடி தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி கடல் தண்ணி உள்ள ஏறினது 1960கள்ளயே தெரிஞ்ச விஷயம், கடலோரத்துல இருக்கற நம்ம தெருவுல போர் தண்ணி கரிக்கறதுக்கு கேக்கவே வேணாம். வெயில்ல தண்ணி ஆவியாகிடும், உப்பு ஆகாது, தொட்டிலயே தங்கிடும். தண்ணில கரைஞ்சிருக்கற உப்ப அளக்கற டி.டி.எஸ். மீட்டர் பேனா சைஸ்ல விக்கறாங்க, ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. குடிதண்ணிக்கு பி.ஐ.எஸ்.ங்கற இந்தியத் தர நிர்ணய அமைப்போட கணக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும். நான் பாத்தவரைக்கும் 1000 தாண்டினாலே புதினா மூஞ்ச சுருக்கிடுது.

எனக்கு இன்னும் வயித்தெரிச்சல் ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணி. வீணாக்கக் கூடாதேன்னு நல்ல மனசோடதான் பக்கெட்ல புடிச்சு செடிக்கு ஊத்தறாங்க, ஆனா குடிக்கற தண்ணியிலேர்ந்து பிரிச்ச உப்பு எல்லாம் அந்த ட்யூப் வழியாத்தானே வெளிய வருது! அதுல பாத்ரூம் கழுவுங்க, வாசல் கழுவுங்க, செடிகிட்ட கொண்டு போகாதீங்க. மெட்ரோ வாட்டர் வந்தா அது, மழை பெஞ்சா மழைத்தண்ணி, ஏசி அவுட்லெட்ல சொட்டற தண்ணிகூட ஓகே, அதுல உப்பு கிடையாது, இலை மேல படாம மண்ணுல மட்டும் ஊத்துங்க.

இன்னொரு உப்பு மூட்டை கோகோ பீட் கட்டி, அதான் தேங்காய் நார்த்தூள அழுத்தி விக்கற கட்டி. அலசாத கட்டியில உப்பு நிறைய இருக்கும், நல்ல தண்ணியில ஊறவச்சு புழிஞ்சு, ரெண்டு மூணு தடவ அலசிட்டு அப்புறம் செம்மண், மண்புழு உரத்தோட கலக்குங்க.

விதை பாக்கெட் வாங்காதீங்க, வேஸ்ட். ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு வாங்கற கட்டுலேர்ந்தே தடிமனா நாலு தண்டு எடுத்து, கீழ் இலைய கிள்ளிட்டு, கணு முங்கற மாதிரி டம்ளர் தண்ணில வச்சா பத்து நாளுக்குள்ள வேர் விட்டுடும். ரெண்டு நாளுக்கு ஒருக்கா தண்ணி மாத்துங்க, தொட்டிக்கு அடியில வைக்கற தட்டும் அப்படித்தான், ஏடிஸ் கொசு முட்டையிலேர்ந்து பறக்கற வரைக்கும் வர ஒரு வாரம் போதும், டெங்குவ நாமளே வளத்துக்கக் கூடாது பாருங்க. தொட்டி ஆழம் முக்கியம் இல்ல, அகலமா இருக்கணும், ஏன்னா படர்ந்து போற செடி. காலை வெயில் போதும், மே மாசம் மத்தியான வெயில்ல நிழல் வலை கண்டிப்பா.

அப்புறம், கெமிக்கல் வந்த நீல டிரம்ம சீப்பா கிடைக்குதுன்னு பாதியா வெட்டி தொட்டியாக்கறது நம்ம பக்கம் சகஜம். உள்ள என்ன இருந்துச்சுன்னு விக்கறவருக்கே தெரியாது, சாப்பிடற செடிக்கு அது வேணவே வேணாம். மெக்கானிக் ஷாப் ஓரத்து மண்ணு, பழைய பெயின்ட் உதிர்ற சுவத்து மண்ணும் அப்படித்தான், ஈயம் இருந்தா மண்ண விட்டு லேசுல போகாது.

ஏற்கனவே கருகின செடி இருந்தா உடனே புடுங்கிப் போடாதீங்க. தொட்டி கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு நல்ல தண்ணி மெதுவா ஊத்தி அடி ஓட்டை வழியா ஒழுக விடுங்க, தண்ட மண்ணுக்கு மேல ரெண்டு விரக்கடை விட்டு வெட்டிடுங்க, நிழல்ல வைங்க. ரெண்டு மூணு வாரத்துல துளிர் வரலன்னா லேசா தோண்டி வேர பாருங்க, வெள்ளையா இருந்தா இன்னும் கொஞ்சம் பொறுங்க, கருத்து கொழகொழன்னு இருந்தா அடுத்த பிரியாணி கட்டுலேர்ந்து நாலு தண்டு எடுத்து வச்சுக்கோங்க.