எஸ்.எஸ்.டி. நிறைந்ததும் ஏன் மந்தமாகிறது? எலக்ட்ரான் சுவர் தாண்டும் கதை

வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு, சிப்களில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. போட்டாராம். முதலில் பறந்தது, இடம் நிறைய நிறைய மந்தமாகிவிட்டது, ஏன்? அடுத்தது: மின்சாரமே இல்லாமல் அலமாரியில் கிடக்கும் பென் டிரைவில் படங்கள் எப்படித் தங்குகின்றன, எத்தனை காலம் தங்கும்? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. 10 நானோமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு கண்ணாடிச் சுவர் அது.

வேகத்தைப் பற்றிச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். ஹார்டு டிஸ்கில் தட்டு சுழல வேண்டும், படிக்கும் தலை நகர வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் தட்டில், வேண்டிய இடம் தலைக்கு அடியில் வந்து சேரவே சராசரியாக 4 மில்லி விநாடி ஆகிறது. தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் 10 மில்லி விநாடியை ஒட்டி வந்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே கிடையாது. அதே வேலை சுமார் 0.1 மில்லி விநாடியில் முடிந்துவிடுகிறது. கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்க வேண்டியிருப்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பழைய கணினியில் ஒரே ஒரு பாகம்தான் மாற்ற முடியும் என்றால் இதைத்தான் மாற்றச் சொல்வேன். மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, உள்ளே போவோம். எஸ்.எஸ்.டி., பென் டிரைவ் இரண்டிலும் தகவலைத் தாங்குவது டிரான்சிஸ்டர் என்ற குட்டி மின் சுவிட்ச்தான். சாதாரண டிரான்சிஸ்டரில் கேட் என்ற மேல் முனைக்கு மின்னழுத்தம் கொடுத்தால் கீழே மின்னோட்டம் பாயும். 1967-ல் பெல் ஆய்வகத்தில் தவோன் காங், சைமன் ஸீ இருவரும் அந்தக் கேட்டுக்குக் கீழே இன்னொரு கேட்டை வைக்கும் யோசனையை வெளியிட்டார்கள். இந்த இரண்டாவது கேட் எந்தக் கம்பியோடும் இணைக்கப்படாதது. சுற்றிலும் மின்கடத்தாப் பொருள். இன்றைய சிலிக்கான் சிப்பில் அது சிலிக்கான் டை ஆக்சைடு, அதாவது கண்ணாடி. அந்தத் தீவில் எலக்ட்ரான்களை ஏற்றிவிட்டால், கீழே மின்னோட்டம் பாய மேலிருந்து கூடுதல் வோல்ட் கொடுக்க வேண்டியிருக்கும். எத்தனை வோல்ட்டில் பாய்கிறது என்று பார்த்தாலே உள்ளே எலக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இருந்தால் 0, இல்லாவிட்டால் 1. மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை வெளியேற வழியில்லை. படங்கள் தங்குவது இப்படித்தான். (இன்றைய சிப்கள் பெரும்பாலானவற்றில் தீவுக்குப் பதிலாக சிலிக்கான் நைட்ரைடு படலம் இருக்கிறது. கதை அதேதான்.)

வெளியேற வழியில்லாத இடத்துக்குள் எலக்ட்ரான்கள் முதலில் எப்படிப் போயின? எனக்கு அலுக்கவே அலுக்காத கேள்வி இது.

சிலிக்கானில் இருக்கும் எலக்ட்ரானுக்கு அந்தக் கண்ணாடி சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரானின் ஆற்றலை அளக்கும் அலகு) உயரமுள்ள தடை. அறை வெப்பத்தில் ஓர் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஆற்றல் இதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஏறித் தாண்டவே முடியாது. ஆனால் குவாண்டம் இயற்பியலில் எலக்ட்ரான் ஓர் அலையும்கூட. அந்த அலை தடைக்குள் போனதும் சட்டென்று நின்றுவிடாது. உள்ளே போகப் போகத் தேய்ந்துகொண்டே போகும். தடை போதுமான அளவு மெல்லியதாக இருந்தால், தேயாமல் மிச்சமிருக்கும் அலை மறுபக்கம் எட்டிவிடும். எலக்ட்ரான் அந்தப் பக்கம் தோன்றுவதற்குக் கொஞ்சம் நிகழ்தகவு இருக்கிறது என்று அர்த்தம். 8 நானோமீட்டர் சுவரில் அந்த நிகழ்தகவு கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால்தான் தகவல் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது.

எழுத வேண்டிய நேரத்தில் மட்டும் சுவர் மெலிய வேண்டும். எப்படி? மேல் கேட்டில் 20 வோல்ட் அளவுக்குக் கொடுக்கிறார்கள். அதில் பாதி இந்தச் சின்னச் சுவரின் குறுக்கே விழுகிறது என்று வையுங்கள். ஒரு நானோமீட்டருக்கு ஒரு வோல்ட்டுக்கும் மேல். அதாவது மீட்டருக்கு 100 கோடி வோல்ட்டைத் தாண்டும் மின்புலம். காற்றில் பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும்! இந்த மின்புலத்தில் தடையின் மேல்விளிம்பு சமமாக இருப்பதில்லை, ஒரு பக்கமாகச் சரிகிறது. ஒரு நானோமீட்டர் உள்ளே போனால் உயரம் ஓர் எலக்ட்ரான் வோல்ட் குறைந்திருக்கும். மூன்று நானோமீட்டர் தாண்டினால் தடை ஏறக்குறைய எலக்ட்ரானின் மட்டத்துக்கே இறங்கிவிடும். கண்ணாடியின் தடிமன் மாறவே இல்லை, ஆனால் எலக்ட்ரான் கடக்க வேண்டிய தடை 8-லிருந்து 3 நானோமீட்டருக்குச் சுருங்கிவிட்டது. இப்போது அலை எட்டிவிடுகிறது, எலக்ட்ரான்கள் தீவுக்குள் சேர்கின்றன.

இதில் அழகே வோல்ட்டைக் குறைத்தால் நடப்பதுதான். மின்புலத்தைப் பாதியாக்கினால் மின்னோட்டம் பாதியாவதில்லை, கோடிக்கணக்கான மடங்கு குறைகிறது. அதனால் சில வோல்ட் கொடுத்துப் படிக்கலாம், எலக்ட்ரான்கள் அசையாது. 20 வோல்ட் கொடுத்தால் எழுதலாம். ஒரே சுவர், ஒரே சமயத்தில் பூட்டாகவும் கதவாகவும் இருக்கிறது.

இந்தக் கணக்கை 1928-ல் போட்டவர்கள் ரால்ஃப் ஃபௌலர், லோதர் நோர்ட்ஹைம். உலோகத்திலிருந்து வலுவான மின்புலம் எலக்ட்ரான்களை எப்படிப் பிடுங்குகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினார்கள், அவ்வளவுதான். இதனால் என்ன பயன் என்று அன்று கேட்டிருந்தால் சொல்வதற்குப் பதில் இருந்திருக்காது. ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும்போதே உடனடிப் பயனை எழுதிக் கொடு என்று கேட்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். 1980-களில் தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா இந்த விளைவை வைத்து, எஸ்.எஸ்.டி.யிலும் பென் டிரைவிலும் இருக்கும் நேண்ட் ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். உரிய பங்கு கேட்டு அவர் வழக்குப் போட்டு, 2006-ல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. அந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்கும் தொழிலைப் பார்த்தால், அந்தத் தொகை எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

இனி முதல் கேள்வி. எழுதும்போது ஒரு வரிசை செல்களின் (தீவு வைத்த ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஒரு செல்) மேல் கேட்டுக்கு மட்டும் வோல்ட் கொடுத்தால் போதும். அந்த வரிசையில் எழுதும் பகுதிக்குப் பக்கம் என்று பெயர். பெரும்பாலும் 16 கிலோபைட். அழிக்கும்போது எதிர்த்திசையில், அடியிலிருந்து உயர் வோல்ட் கொடுத்து எலக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டும். அடித்தளம் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கும் பொது. அதனால் பல மெகாபைட் கொண்ட ஒரு தொகுதி மொத்தமாகத்தான் அழியும். ஒரு பக்கத்தை மட்டும் அழிக்கவே முடியாது. அழிக்காமல் அதன் மேலேயே திரும்ப எழுதவும் முடியாது. காலியிடம் இருக்கும்வரை கட்டுப்படுத்தும் சிப் புதுப் பக்கங்களில் எழுதிக்கொண்டே போகும். நிறைந்துவிட்டால், பயனுள்ள பக்கங்களை வேறிடத்துக்கு நகலெடுத்து, தொகுதியை அழித்து, அப்புறம்தான் நீங்கள் கொடுத்ததை எழுதும். வாசகரின் லேப்டாப் திணறுவது அங்கேதான். ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். டீஃபிராக் செய்தால், அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை வரிசையாக அடுக்கினால், வேகம் கூடும் என்பது ஹார்டு டிஸ்க் காலத்து நம்பிக்கை. இங்கே அது வீண் எழுத்து. வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் 'கிளீனர்' மென்பொருள்களை நம்பிப் பணம் கொடுப்பதும் மந்திரித்த கயிறு வாங்குவதும் எனக்கு ஒன்றுதான்.

பெரிய கோப்பை நகலெடுக்கும்போது வேகம் முதலில் உச்சத்தில் நின்று, சில நிமிடத்தில் தடாலென்று விழுவதையும் பார்த்திருப்பீர்கள். இன்றைய செல்லில் ஒரு பிட் மட்டும் இருப்பதில்லை. டி.எல்.சி. வகையில் 3 பிட், அதற்கு எலக்ட்ரான் அளவில் 8 படிகளைப் பிரித்தறிய வேண்டும். கியூ.எல்.சி.யில் 4 பிட், 16 படிகள். எலக்ட்ரான்களை எண்ணி ஏற்ற முடியாது என்பதால், ஒரு சின்னத் துடிப்பு கொடுத்து, எங்கே வந்திருக்கிறது என்று படித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கூடுதல் வோல்ட்டில் அடுத்த துடிப்பு, மறுபடி சரிபார்ப்பு என்று ஏற்றுகிறார்கள். படிகள் கூடினால் பொறுமையும் கூட வேண்டும். அதனால் வருவதை முதலில் ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக நெருக்கி எழுதுவார்கள். அந்தத் தற்காலிக இடம் தீர்ந்ததும் உண்மையான வேகம் வெளியே வருகிறது. பெட்டியில் அச்சிடுவது அந்த முதல் வேகத்தை மட்டும்தான்! செல் எந்த வகை என்று போடாத பெட்டியை நான் வாங்குவதில்லை. அதைப் பெட்டியின் முகப்பிலேயே அச்சிடக் கட்டாயப்படுத்த வேண்டும்.

ஒவ்வொரு முறை கடக்கும்போதும் எலக்ட்ரான்கள் சுவரில் சிறு சிதைவுகளை விட்டுச்செல்கின்றன. சிதைவுகள் சேரச் சேர சுவர் கசியத் தொடங்கும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். இரண்டாவது கேள்விக்கு விடை இதுதான். சிப் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதிப்படி, தனக்கு விதித்த அளவு முழுக்க எழுதித் தேய்ந்துபோன சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும். புதிது இதைவிட வெகுகாலம் தாங்கும். பென் டிரைவ்களுக்கு அந்த உத்தரவாதமும் கிடையாது. அவற்றில் எந்தத் தரச் செல் இருக்கிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைக்கப்போகும் குடும்பப் படங்களுக்கு ஹார்டு டிஸ்கில் ஒன்றும் வேறோர் இடத்தில் ஒன்றுமாக இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பைக் கொண்டுபோக மட்டும் இருக்கட்டும்.