சீனப் பெண்களுக்கு ரத்தம் கட்டாது என்று யார் சொன்னது?

மகப்பேறு மருத்துவம் படிக்கிற காலத்தில் சீனியர்கள் சாதாரணமாகச் சொல்லிப் போகும் ஒரு விஷயம் உண்டு: கர்ப்பத்தில் காலில் ரத்தக்கட்டி வருவது வெள்ளைக்காரப் பெண்களின் பிரச்சினை, சீனப் பெண்களுக்கு அது அபூர்வம். சிங்கப்பூரில் என்னிடம் வரும் கர்ப்பிணிகளில் பெரும்பாலோர் சீனர்கள். இந்த நம்பிக்கை எங்களை எவ்வளவு அசட்டையாக்குகிறது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அது முழுப் பொய்யும் அல்ல. ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் 'ஃபேக்டர் ஃபைவ் லைடன்' என்ற மரபணு மாற்றத்தை 1994இல் நெதர்லாந்தில் கண்டறிந்தார்கள். ஐரோப்பியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரிடம் அது இருக்கும். சீனர்களிடம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ரத்தம் தேவைக்கு மேல் உறையாமல் தடுக்கிற புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றில் ஒன்று பிறவியிலேயே குறைந்திருப்பது, ரத்தக்கட்டி வந்த சீனர்களிடம் அடிக்கடி தென்படுகிறது. இதில் ஒரு தொல்லை என்னவென்றால், புரோட்டீன் எஸ் எந்தக் கர்ப்பிணிக்கும் இயல்பாகவே இறங்கிவிடும். கர்ப்பத்தில் பரிசோதித்துவிட்டு 'குறைபாடு' என்று முத்திரை குத்தக் கூடாது. பிரசவம் முடிந்து குறைந்தது ஆறு வாரமாவது போக வேண்டும்.

மரபணு இருக்கட்டும். கர்ப்பமே ரத்தக்கட்டி ஆபத்தை நாலைந்து மடங்கு கூட்டுகிறது. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க உடல் முன்கூட்டியே உறையும் திறனை ஏற்றிவைக்கிறது. வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. இடப்பக்கச் சிரையின் மேல் வலப்பக்கத் தமனி குறுக்கே போவதால் அங்கே நெருக்கடி இன்னும் அதிகம். கர்ப்பிணிகளின் கால் ரத்தக்கட்டிகளில் பெரும்பாலானவை இடது காலில் வருவது இதனால்தான். இதெல்லாம் சீனப் பெண்ணுக்கும் சுவீடன் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

சீனாவில் மாறியிருப்பது தாய்மார்களின் நிலை. 2016இல் இரண்டாம் குழந்தைக்கு எல்லோருக்கும் அனுமதி கிடைத்தபின் 35 தாண்டிய பெண்கள் நிறையப் பேர் கருவுற்றார்கள். பலருக்கு முதல் பிரசவமே சிசேரியன். நாடு முழுவதுக்குமான சிசேரியன் விகிதம் 2008இல் 28.8 சதவீதம், 2014இல் 34.9. வயது, சிசேரியன், ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு), இரட்டைக் குழந்தை எல்லாமே ஆபத்தைக் கூட்டுபவை. உடல் எடைக் கணக்கிலும் கவனம் வேண்டும்: பிரிட்டிஷ் வழிகாட்டி பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 30ஐ எல்லையாக வைக்கிறது, சீனாவிலோ 28 வந்தாலே உடல் பருமன்தான்.

அப்புறம் படுக்கை. கரு தங்க வேண்டும் என்று வாரக்கணக்கில் படுத்தே கிடக்கச் சொல்லும் வழக்கம் சீனாவில் பரவலாக உண்டு. அப்படிப் படுப்பதால் கருச்சிதைவு தடைபடும் என்பதற்குச் சான்று இல்லை. காலில் ரத்தம் தேங்குவதுதான் மிச்சம். பிரசவத்துக்குப் பின் கன்ஃபைன்மென்ட் என்று இங்கே எல்லோரும் சொல்லும் ஒரு மாத ஓய்வு. நல்ல சாப்பாடு, வீட்டு வேலையிலிருந்து விடுதலை, இவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆபத்து உச்சத்தில் இருப்பதும் பிரசவத்துக்குப் பிந்தைய இந்த முதல் சில வாரங்களில்தான். எழுந்து வீட்டுக்குள் நடக்கலாம், தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

ஐ.வி.எஃப். இரட்டையர், சிசேரியன், வயது 38. அந்தத் தாய் வந்தபோது இடது கால் தொடைவரை வீங்கியிருந்தது. "பிள்ளை பெற்றால் கால் வீங்கத்தான் செய்யும்" என்று, அந்த ஓய்வு மாதத்தில் வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்ளும் கன்ஃபைன்மென்ட் ஆன்ட்டி எண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இடுப்புக்கு அருகே வரை ரத்தக்கட்டி. அப்படி உருவும்போது கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் கதையே வேறு. ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ வந்தால் அந்தக் காலைப் பிடித்துவிடவே வேண்டாம்.

இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்குவது கர்ப்பத்தில் சகஜம். தையல் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் அளந்து பாருங்கள். 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால், அதுவும் இடது கால் என்றால், அன்றே ஸ்கேன். வித்தியாசம் இல்லை என்பதற்காக வலியை அலட்சியப்படுத்தவும் வேண்டாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம்: நேராக அவசரப் பிரிவு. ரத்தக்கட்டி உண்டா என்று பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது, கர்ப்பத்தில் அது தானாகவே ஏறியிருக்கும்.

மருந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது. பன்றிக் குடலிலிருந்து எடுப்பது என்பதால் முஸ்லிம் தாய்மார்களிடம் முன்பே பேசிவிடுவேன். கட்டி வந்தவர்கள் பிரசவம்வரைக்கும், அதற்குப் பின் குறைந்தது ஆறு வாரமும் போட வேண்டும், மொத்தம் மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது. பிரசவ வலி தொடங்கிவிட்டால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். கடைசி ஹெப்பாரினுக்கும் முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசிக்கும் இடைவெளி வேண்டும். ஹெப்பாரின் போட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். பிரசவத்துக்குப் பின், அதே வேலையைச் செய்யும் வார்ஃபரின் மாத்திரைக்கு மாறினாலும் கொடுக்கலாம். ரிவராக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளைப் பாலூட்டும்போது தவிர்க்கிறோம்.