சானிட்டரி இன்ஸ்பெக்டர்: துப்புரவா, சுகாதாரமா?

எஸ்.ஐ. என்றால் எல்லா இடத்திலும் போலீஸ்காரர் அல்ல. நகராட்சி அலுவலகத்தில் அது சானிட்டரி இன்ஸ்பெக்டர். அரசுத் தமிழில் நெடுங்காலம் துப்புரவு ஆய்வாளர் என்றிருந்தது; சுகாதார ஆய்வாளர் என்றும் எழுதுகிறார்கள். எப்படிச் சொன்னால் என்ன என்று விட்டுவிட முடியவில்லை. துப்புரவு என்ற பெயர் அவர் வேலையில் பாதியை மறைத்துவிடுகிறது.

'சானிட்டாஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குப் பொருள் உடல்நலம். பெருக்குவதற்கும் அள்ளுவதற்கும் அதில் இடமே இல்லை. பிரிட்டனில் உழைக்கும் மக்களின் நிலைமை பற்றி எட்வின் சாட்விக் 1842இல் தந்த அறிக்கையின் தலைப்பிலேயே 'சானிட்டரி' இருந்தது. நோய்க்குக் காரணம் சாக்கடையும் அழுகலும்தான் என்று அவர் வாதிட்டார். நலத்தைக் குறித்த சொல்லில் சாக்கடை வாடை ஏறியது அந்தக் காலத்தில்தான். லிவர்பூல் நகரம் 1844இல் தாமஸ் பிரெஷ் என்பவரை நியமித்தபோது பதவியின் பெயர் இன்னும் வேடிக்கை: 'நியூசன்ஸ் இன்ஸ்பெக்டர்', அதாவது தொல்லை ஆய்வாளர்! பிறகு அங்கே சானிட்டரி இன்ஸ்பெக்டர், 1956இல் பொதுச் சுகாதார ஆய்வாளர், 1974 வாக்கில் சுற்றுப்புறச் சுகாதார அலுவலர் என்று பெயர் மாறிக்கொண்டே போனது.

சரி, துப்புரவுக்கு வருவோம். 'துப்புரவு இல்லார் துவரத் துறவாமை உப்பிற்கும் காடிக்கும் கூற்று' என்கிறது குறள் (1050). அங்கே துப்புரவு என்பது நுகர்வதற்கான பொருள், உணவு முதலானவை. சுத்தம் என்ற பொருள் பின்னால் வந்தது. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் துடைப்பமும் குப்பை வண்டியும்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் இந்த ஆய்வாளரின் கண் தண்ணீரில் இருக்கும். தெருக்குழாயின் கடைசி வீட்டில் தண்ணீர் பிடித்து, சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். மஞ்சள் ஏறினால் குளோரின் இருக்கிறது, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டியருகே பார்த்தால் போதாது, குழாயில் கசிவு இருந்தால் வழியிலேயே குளோரின் செலவாகிவிடும். டெங்கு காலத்தில் ஃபிரிட்ஜின் பின்தட்டு வரை டார்ச் அடிப்பார்கள். சிமெண்டுத் தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது என்று அவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில். காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் தாங்கும், மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். அதனால்தான் பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுவரைத் தேய்க்கச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் தேய்ப்பதில்லை.

1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் குடிநீர், வடிகால், கொசு, தொற்றுநோய், தங்கும் விடுதி, திருவிழாக் கூட்டம் எல்லாமே வருகின்றன. ஹோட்டல் சமையலறை மட்டும் இப்போது உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போய்விட்டது.

இலங்கையில் குழப்பமே இல்லை. அங்கே அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பேச்சில் பி.எச்.ஐ. வீட்டு வளவில் தண்ணீர் தேங்கினால் வழக்குப் போடுபவரும் கடைச் சாப்பாட்டைச் சோதிப்பவரும் அவர்தான்.

சுகாதாரம் வடசொல்லாயிற்றே என்பவர்கள் நல்வாழ்வு ஆய்வாளர் எனலாம். ஆனால் அது திருமணத் தகவல் மையம் மாதிரி ஒலிக்கிறது. என் ஓட்டு சுகாதார ஆய்வாளருக்கே. இவர் பார்க்கும் துறையைச் சிலர் 'சுற்றுச்சூழல் சுகாதாரம்' என்கிறார்கள். சுற்றுச்சூழல் என்றதும் காடும் புலியும் மனதில் வரும், மொட்டை மாடித் தொட்டி வராது. சுற்றுப்புறச் சுகாதாரம் என்பதே பொருத்தம்.