காலி நிலம் என்று எழுதுவதற்கு முன்

சென்ற மாதம் நண்பர் ஒருவர், விளாத்திகுளம் வட்டத்தில் தம் தாத்தா வழியில் வந்த ஏழு ஏக்கர் புஞ்சையைச் சோலார் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விடலாமா என்று கேட்டு, தரகர் கொடுத்த ஒப்பந்த வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அவர் குடும்பம் சென்னைக்கு வந்து நாற்பது ஆண்டுகளாகின்றன. வரைவுக்குக் கீழே, "சும்மா கிடக்கிற நிலம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றும் எழுதியிருந்தார். சூரிய மின் நிலையங்களுக்கான நில ஆய்வறிக்கை தயாரிப்பது என் தொழில் என்பதால், இந்த ஒரு வரியை ஏதோ ஒரு வடிவில் நான் வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்கிறேன். நானே அதை அறிக்கையில் எழுதி, அதற்கான விலையை வேறு சிலர் கொடுத்ததும் உண்டு. அந்தக் கதை நடந்தது தார்ப் பாலைவனத்தில்.

ராஜஸ்தானின் மேற்கு மாவட்டங்கள் இந்தியாவின் சூரிய மின் உற்பத்திக்கு மையமாகி வெகு காலமாகிவிடவில்லை. பத்லாவில் ஏறத்தாழ 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட் திறனுள்ள பூங்கா எழுந்த பிறகு, ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர் பகுதிகளில் நிலம் தேடாத நிறுவனமே இல்லை என்றாகிவிட்டது. கிண்டியிலுள்ள எங்கள் அலுவலகத்தில் அமர்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால், அந்த நிலப்பரப்பு முழுவதும் ஒரே பழுப்பு நிறம். வீடு இல்லை, பயிர் இல்லை, வருவாய்த் துறைப் பதிவேட்டிலும் அரசுத் தரிசு என்றே இருக்கும். வெயில் கொளுத்தும் ஊரில்தான் பேனல் நன்றாக வேலை செய்யும் என்று பலரும் நினைப்பது பாதிதான் உண்மை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்குப் பகை. 25 டிகிரியில் அளந்து தரும் திறன், பேனலின் சூடு 65 டிகிரியைத் தொடும் மே மாத நண்பகலில் ஏழில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். இருந்தும் மேகமற்ற நாள்கள் அங்கு அவ்வளவு அதிகம் என்பதால் கணக்கு கட்டுபடியாகிறது.

பல ஆண்டுகளுக்கு முன், அப்படியொரு பழுப்புத் துண்டுக்கு நான் அறிக்கை எழுதினேன். சரிவு மிகக் குறைவு, பதிவேட்டில் நீர்நிலை ஏதும் இல்லை, குடியிருப்பு இல்லை, கட்டுமானத்துக்கு ஏற்றது என்பது அதன் சாரம். நேரில் போனது பிப்ரவரியில். எங்கு பார்த்தாலும் காய்ந்த மணல். எங்களோடு வந்த சர்வேயர் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். அவன் ஓரிடத்தில் குனிந்து, "அண்ணே, இது தண்ணி ஓடுன தடம் மாதிரி இருக்கு" என்றான். மணலின் மேல் ஆட்டுப் புழுக்கையும் காய்ந்த புல் துரும்பும் கோடு கிழித்தாற்போல் ஒரே வரிசையில் ஒதுங்கிக் கிடந்தன. கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு அது வரத்துக்காலின் அடையாளம். நானோ மட்டக் கருவியின் அளவைக் காட்டி, சரிவே இல்லை என்று அவன் வாயை அடைத்தேன்.

அந்தத் தடம் போய்ச் சேர்ந்த இடத்தில் ஊராரின் குளம் இருந்தது. அங்கே அதை நாடி என்பார்கள். அதற்கு நீர் வடிந்து வரும் மேட்டு நிலத்துக்கு ஆகோர் என்று பெயர். ஆகோரில் உழக் கூடாது, மண் வெட்டக் கூடாது, அசுத்தம் செய்யக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடே உண்டு என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பதிவேட்டில் குளத்துக்கு மட்டும் ஒரு சர்வே எண் இருந்தது. அதை ஊட்டி வளர்த்த நிலம் தரிசு என்று பதிவாகியிருந்தது. நிறுவனம் நிலத்தைச் சமன் செய்து சுற்றுச்சுவர் எழுப்பியது. அடுத்த பருவமழையில் குளத்துக்கு நீர் வரவில்லை. வர வேண்டிய நீர் சுவருக்குள்ளே தேங்கி கேபிள் பள்ளங்களை மூழ்கடித்தது. ஊரார் வாயிலில் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று இடங்களில் சுவரை உடைத்துக் கால்வாய் வெட்டிய பிறகே நீர் ஓரளவு திரும்பியது. முதலிலேயே அந்தப் பையன் சொன்னதைக் கேட்டிருந்தால் நாற்பது பேனல் வரிசைகளை இடம் மாற்றியதோடு விஷயம் முடிந்திருக்கும்.

அந்த நிலத்தில் நான் காணத் தவறியது நீர் மட்டுமன்று. பாலைவன ஊர்களில் ஓரண் எனப்படும் சாமிக்காடுகள் இருக்கின்றன. நம் ஊர் ஐயனார் கோயில் காட்டைப் போல, தெய்வத்துக்கு விடப்பட்டதாகையால் கிளையைக்கூட ஒடிக்கமாட்டார்கள். ஆனால் ஆடும் மாடும் ஒட்டகமும் மேயலாம். இவற்றில் பலவும் வருவாய்ப் பதிவேட்டில் அரசுத் தரிசாகவே கிடந்தன. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இந்தக் காடுகளைக் களத்திலும் செயற்கைக்கோள் வழியாகவும் அளந்து அடையாளம் காணுமாறு ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. அங்கு நிற்கும் மரங்களில் முதன்மையானது கெஜ்ரி. அது வேறொன்றுமில்லை, விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கும் நம் வன்னி மரமேதான். 1730 இல் கெஜர்லி என்ற ஊரில் இந்த மரங்களை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து நின்று 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். அந்த மரத்தின் இலை ஆட்டுக்குத் தீவனம், காய் மனிதருக்கு உணவு. சோலார் பூங்காக்களுக்காக அது வெட்டப்படுவதை எதிர்த்து பிகானேர் பகுதியில் அண்மை ஆண்டுகளில் போராட்டங்கள் நடந்ததில் வியப்பில்லை. வன்னிக்கு நெருங்கிய உறவான சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க நாம் இங்கே வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது தனிக் கதை.

ஜெய்சல்மேரில் இன்னொரு சிக்கல், கானமயில். உலகில் ஏறத்தாழ 150 மட்டுமே எஞ்சியிருக்கும் இந்தக் கனத்த பறவைக்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. பறக்கும்போது மின்கம்பியில் மோதி இறக்கிறது. கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கச் சொல்லி 2021 இல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு, 2024 இல் தளர்த்தப்பட்டு நிபுணர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும் இவை முன்கூட்டியே வெளியே வராததற்குக் காரணம் எளிது. 2006 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சூரிய ஒளி மின் நிலையத்துக்கு முன் அனுமதி தேவையில்லை. ஆகவே அனல் மின் நிலையத்துக்கு நடப்பதுபோல் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் கிடையாது. வெளிநாட்டு வங்கி கடன் கொடுத்தால் மட்டும், அந்த வங்கியின் நிபந்தனைக்காக எங்களைப் போன்றவர்கள் ஊருக்குள் போய்ப் பேசுகிறோம். புகை இல்லாத தொழில் என்பதால் தரப்பட்ட விலக்கு அது. புகையைப் பொறுத்தவரை நியாயமான விலக்குதான்.

நீர்க் கணக்கைச் சென்னைவாசிகளுக்குச் சொல்வது சுலபம். 300 மெகாவாட் நிலையத்தில் 550 வாட் பேனல்கள் ஏறத்தாழ 5,45,000 இருக்கும். மணல் காற்று வீசும் ஊரில் மாதம் இருமுறையாவது தூசியைப் போக்க வேண்டும். பேனலுக்கு 2 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் ஒரு முறை கழுவ 11 லட்சம் லிட்டர், அதாவது நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியில் தொண்ணூறு நடை. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ரயில் ஒரு நடைக்குக் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். ஏறத்தாழ ஒரு ரயில் தண்ணீர், மாதந்தோறும், மழைநீரைத் தரைக்கடித் தொட்டியில் பூட்டிவைத்துக் குடிக்கும் ஊரில். இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. இரவில் தானே ஊர்ந்து உலர் தூரிகையால் துடைக்கும் இயந்திரங்கள் இப்போது பெரிய நிலையங்களில் இயல்பாகிவிட்டன. 2016 இல் கமுதியில் 648 மெகாவாட்டில் அமைந்த நிலையத்திலேயே அவை உண்டு. எனவே ஒரு நிறுவனம் ஊருக்கு வரும்போது, "கழுவத் தண்ணீர் எங்கிருந்து?" என்பதை முதல் கேள்வியாக ஊராட்சி கேட்கலாம். ஆழ்துளைக் கிணறு என்ற பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இனி நண்பரின் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். குத்தகை முறைக்கு நாட்டில் பேசப்படும் முன்மாதிரி, கர்நாடகத்தின் பாவகடா. அங்கே விவசாயிகளிடமிருந்து ஏறத்தாழ 13,000 ஏக்கரை வாங்காமல் 28 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. நிலம் கைவிட்டுப் போகாததும், வறண்ட பூமிக்கு நிலையான வருமானம் வந்ததும் மறுக்க முடியாத நன்மைகள். ஆனால் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். அந்த உயர்வின்படி கடைசி ஆண்டில் கிடைப்பது 39,600 ரூபாய். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்தால், இன்றைய 21,000 ரூபாயின் மதிப்பைக் காப்பாற்றவே அப்போது 78,000 ரூபாய்க்கு மேல் வேண்டும். அதாவது குத்தகையின் உண்மை மதிப்பு பாதியாகிவிடும். நண்பரின் வரைவில் மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் 5 சதவீதம். ஆண்டுதோறும் உயர்வு வேண்டும் என்று கேட்கச் சொன்னேன்.

பாவகடாவில் குத்தகைப் பணம் பட்டாதாரர்களுக்குப் போயிற்று. அந்த நிலங்களில் களையெடுத்தும் கடலை பறித்தும் கூலி வாங்கிய நிலமற்றவர்களுக்குக் குத்தகையில் பங்கு எதுவும் கிடையாது. கட்டுமான காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைக்கும், உண்மைதான். அதில் பெரும்பகுதி வெளியூர் ஒப்பந்தக் குழுக்களுக்குப் போய்விடும். நிலையம் ஓடத் தொடங்கிய பின் காவல், புல்வெட்டு, பேனல் துடைப்பு என்று சில பத்துப் பேருக்கே இடம். நண்பரிடம் நான் திருப்பிக் கேட்டதும் இதைத்தான்: உங்கள் ஏழு ஏக்கரில் அறுப்பு முடிந்ததும் யார் ஆட்டு மந்தையைக் கொண்டுவந்து கிடை போடுகிறார்கள்? அவருக்குத் தெரியவில்லை. ஊரிலிருக்கும் சித்தப்பாவைக் கேட்டுச் சொன்னார்: ராமநாதபுரத்துக் கீதாரி, அதாவது ஆடு மேய்ப்பவர் ஒருவர் பல ஆண்டுகளாக மந்தையோடு வருகிறாராம், வடக்குப் பக்கம் ஓடை ஓரமாக. அந்த ஓடை தரகரின் வரைபடத்தில் இல்லை.

ஒப்பந்தத்தில் வேறு சிலவும் கண்ணில் பட்டன. பட்டா கூட்டுப் பட்டா. நண்பரின் அத்தை மகன்கள் இருவர் பெயர் அதில் இருக்க, கையெழுத்திட இவர் ஒருவரைத்தான் அழைத்திருக்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். வரைவிலோ முன்பணம் பெற்றுக்கொண்டு நிலத்தை மூன்றாண்டு வேறு யாருக்கும் தராமல் கட்டிப்போடும் பதிவற்ற உடன்படிக்கை ஒன்று முன்னால் செருகப்பட்டிருந்தது. திட்டம் வராமல் போனால் அந்த மூன்றாண்டுக்கும் குத்தகை கிடையாது. குத்தகை முடிந்தபின், ஏறத்தாழ ஐந்தடி ஆழத்துக்கு இறங்கியிருக்கும் கான்கிரீட் தூண்களைப் பிடுங்கி நிலத்தைச் சமன் செய்வது யார் செலவு என்று ஒரு வரிகூட இல்லை. 2022 ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் பழைய பேனல்களை உற்பத்தியாளரின் பொறுப்பாக்கியிருக்கின்றன. தூணைப் பற்றி அவை பேசுவதில்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்து உழப்போகும் பேரன்தான் அதில் கொழுமுனையை உடைத்துக்கொள்வான்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் என் பிழைப்பே நடக்காது, நாட்டுக்கு மின்சாரமும் வேண்டும். நிலத்தைப் பார்க்கப் போகும் நாளை மட்டும் மாற்றச் சொல்கிறேன். தரகர்கள் கோடையில் அழைத்துப் போவார்கள். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று நிலமே காட்டும். ஆடு மேய்ப்பவர் எதிரே வந்தால் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கோடையில் எந்த வழியாக மந்தையை ஓட்டிப்போவீர்கள் என்று கேளுங்கள்.

நண்பர் அப்படியே போய்வந்தார். முட்டுக்கு மேல் சேறாக நின்று எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறார். பின்னால் ஓடையில் தண்ணீர் ஓடுகிறது. தூண்களை அகற்றும் செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஓடையிலிருந்து இருபுறமும் முப்பதடி விட்டு வேலி போடவும் சம்மதித்தார்கள். ஆண்டு உயர்வுக்கு இன்னும் இணங்கவில்லை. அத்தை மகன்களில் ஒருவர் துபாயிலிருந்து தை மாதம் வருகிறாராம். அதுவரை பத்திரம் நண்பரின் மேசை இழுப்பறையில்தான் இருக்கும்.